ஞானியர்க்கு ஏற்றிய விளக்கு

மயிலாடும்பாறையில் எங்கள் பழைய வீட்டின் கூடத்துச் சுவரில் ஒரு மாடம் உண்டு. அதனுள் பழனியாண்டவர் படம் ஒன்றும், அதன் அருகே நாட்காட்டியினின்று கத்தரித்து அட்டையில் ஒட்டிய திருவள்ளுவர் படம் ஒன்றும் இருந்தன. இரண்டிற்கும் முன்னே மஞ்சள் துணியிற் பொதிந்த ஒரு புத்தகம் இருந்தது. என் தந்தையார் மாலைதோறும் இலவந்தோப்பினின்று திரும்பி, நீர் ஓடுங்காலத்தில் மூல வைகையிலும், ஓடாத காலத்தில் கிணற்றடியிலும் கைகால் அலம்பிக்கொண்டு வந்து, அம்மாடத்தில் அகல் ஏற்றுவார். ஆண்டவர்க்கு ஒரு பூ, வள்ளுவர்க்கு ஒரு பூ, புத்தகத்திற்கு ஒரு பூ. பூக்கிடையாத கோடையில் மூவர்க்கும் துளசியிலை. பின்னர் அப்புத்தகத்தைப் பொதியுடன் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு மீண்டும் வைத்துவிடுவார். அப்பொதியின் முடிச்சு ஆண்டிற்கொருமுறை, சரசுவதி பூசையன்று, துணி மாற்றும்பொருட்டு மாத்திரமே அவிழும். புத்தகம் பரிமேலழகர் உரையுடன் கூடிய திருக்குறள். என் தந்தையார்க்கோ தம் பெயரை எழுதுவதன்றி வேறெழுத்து வாராது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்து கோடை விடுமுறைக்கு யான் ஊர் சென்றிருந்தேன். கிரேக்கத் தத்துவ வரலாற்றிற் சில அதிகாரங்களை அவ்வாண்டு படித்திருந்தேன். படித்தவை சில, அவற்றால் வந்த செருக்கோ பெரிது. ஒருநாள் மாலை தந்தையார் பூ வைத்துக்கொண்டிருக்கையில் யான் திண்ணையில் இருந்தபடியே, “அய்யா, பொஸ்தகம் படிக்கிறதுக்கு, பூ வைக்கிறதுக்கு இல்ல. அதுல என்ன இருக்குன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் சினந்திலர். அகலின் திரியைத் தூண்டிவிட்டு, என் முகத்தைப் பாராமலே, “ஏய்யா, எனக்கு யாரு படிச்சுக் காட்டுனா?” என்றார்.

அவ்வளவே. அம்மையார் உண்ண அழைத்தமையால் பேச்சு அத்துடன் நின்றது. ஆயினும் அவ்வினா அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. பள்ளியில் பதினோராண்டும் கல்லூரியில் ஈராண்டும் தம் பஞ்சை விற்று என்னைப் படிக்கவைத்தவர் அவர். அத்தனை ஆண்டுகளில் அவர்க்கு ஒரு குறளேனும் யான் படித்துக் காட்டியதில்லை.

அப்பொழுது என் மனத்தில் வீரராக வீற்றிருந்தவர் அனக்ஸகோரஸ் என்னும் கிரேக்க ஞானி. ஆதென்ஸ் நகரத்தில் பெரிக்ளீஸின் நண்பராக வாழ்ந்த இவர், ஞாயிறு தேவன் அன்று, பழுக்கக் காய்ந்த பாறையே, அது பெலொப்பொனீஸ் நாட்டினும் பெரிது என்று கூறினார். இதனால் தெய்வநிந்தை புரிந்தார் என்னும் குற்றம் அவர்மேற் சாட்டப்பட்டது. அவர் நகரை விட்டு நீங்க நேர்ந்தது. என் பாடப்புத்தகம் அவரை ஆதென்ஸினின்று வெளியேற்றியதோடு நிறுத்திக்கொண்டது. யானும் அதனோடு நிறுத்திக்கொண்டு, ஞானியின் பக்கம் பகுத்தறிவும் மக்களின் பக்கம் பூசையுமாக உலகத்தை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தேன். எஞ்சிய கதையைப் பின்னரே, டையாஜனீஸ் லேயர்ட்டியஸ் என்பார் எழுதிய தத்துவ ஞானியர் வரலாற்றிற் கண்டேன்.

ஆதென்ஸை விட்ட அனக்ஸகோரஸ், ஹெலஸ்பாந்து நீரிணைக் கரையில் இன்றைத் துருக்கி நாட்டிலுள்ள லாம்ப்ஸக்கஸ் என்னும் ஊரில் தங்கி, கி. மு. 428ஐ ஒட்டி அங்கேயே இறந்தார். இறக்குமுன் ஊர்த்தலைவர் அவரை அணுகி, உமக்கு யாது செய்யவேண்டும் என்று கேட்டனர். யான் இறக்கும் மாதத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு விளையாட விடுமுறை விடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். அவ்வழக்கம் தம் காலத்திலும் உண்டு என்று டையாஜனீஸ் எழுதுகிறார். அவர் காலமோ ஞானி இறந்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்த காலம். அன்றியும் அவ்வூரார் அவர்க்குப் பலிபீடம் எழுப்பினர் என்றும், அதில் பொறித்தது அறிவின் பெயர் எனச் சிலரும் மெய்ம்மையின் பெயர் எனச் சிலரும் கூறுவர் என்றும் ஈலியன் என்பார் குறித்துள்ளார். தேவன் அன்று, கல் என்றவர்க்குக் கல்லிலே பீடம்! ஓர் ஊர் துரத்தியவரை மற்றோர் ஊர் தொழுதது. தொழுத ஊராருள் எத்துணைப்பேர் அவர் நூலைப் படித்தனர் என்று எவரும் கணக்கெடுத்திரார். பிள்ளைகள் மட்டும் ஆண்டுதோறும் அவர் பெயரால் விளையாடினர்.

நம் நாட்டிலும் தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் நாள் என்று விடுமுறை விடுகின்றனர். அன்று மாட்டுப் பொங்கலும் ஆதலின், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வள்ளுவரை மறந்து மாட்டின் பின்னே ஓடுவர். அனக்ஸகோரஸ் இதைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த லாம்ப்ஸக்கஸ் ஊரிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. அனக்ஸகோரஸ் இறந்து நூற்றிருபது ஆண்டுகள் அளவிற்குப் பின், எப்பிக்கூரஸ் என்பவர் அங்கே சில ஆண்டுகள் தங்கிக் கற்பித்தார். கற்ற மாணாக்கருள் கொலோட்டீஸ் என்னும் இளைஞன் ஒருவன். தேவர்கள் உண்டு, ஆயினும் அவர்கள் மக்கள் காரியத்தில் தலையிடுவதில்லை. ஆகவே அவர்களுக்கு அஞ்சவும் வேண்டா, அவர்களிடம் இரக்கவும் வேண்டா என்பது எப்பிக்கூரஸின் கொள்கை. ஒருநாள் அவர் இயற்கையின் தன்மையை விரித்துரைத்துக்கொண்டிருக்கையில், கொலோட்டீஸ் திடீரென்று எழுந்து வந்து அவர் காலில் விழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். அஞ்சவேண்டா, இரக்கவேண்டா என்று போதித்தவரின் காலிலே! எப்பிக்கூரஸ் அவனைக் கடிந்திலர். தாமும் அவனைத் திரும்ப வணங்கினார் என்பது அவர் எழுதிய கடிதத்தால் தெரிகிறது. இதனைப் புளூட்டார்க் என்பவர் ஏளனம் செய்யும்பொருட்டே எடுத்துக்காட்டியுள்ளார். முதலிற் படித்தபோது யானும் நகைத்தேன். இப்பொழுது நகைப்பதில்லை.

எப்பிக்கூரஸ் கி. மு. 270இல் ஆதென்ஸில் இறந்தார். அவர் எழுதிவைத்த மரண சாசனம் இன்றும் கிடைக்கிறது. தம் பிறந்தநாளை ஆண்டுதோறும் கொண்டாடவேண்டும். ஒவ்வொரு மாதமும் இருபதாம் நாள் தம்மையும் தம் நண்பர் மெட்ரொடோரஸையும் நினைந்து தோழர் அனைவரும் கூடவேண்டும் என்று அதில் ஏற்பாடு செய்திருக்கிறார். ஆதலின் அவர் கூட்டத்தாரை ‘இருபதார்’ என்று பிறர் கேலியாக அழைத்தனர். முந்நூறாண்டுக்குப் பின்னரும் உரோமாபுரியில் அவர் படத்தைப் படுக்கையறையில் வைத்தனர். அவர் உருவை மோதிரத்திலும் கிண்ணத்திலும் பொறித்தனர் என்று பிளினியும் சிசரோவும் எழுதுகின்றனர். மோதிரம் வாங்க இயலாதவர் என் தந்தையாரைப்போல் எதையேனும் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருப்பர் போலும்! அவ்விருபதாம் நாள் விருந்திலே வரம் கேட்பார் எவரும் இலர். கேட்டாலும் கொடுக்கத்தக்கவர் அல்லர் அவர் என்பது கூடியிருந்த ஒவ்வொருவர்க்கும் தெரியும். பின்னர் ஏன் கூடினர்? ஆசிரியர் நம்மைக் காண்கிறார் என்று எண்ணி வாழ்ந்தால் நடை செம்மையாகும் என்பது அவர்கள் கருத்து.

பிளேட்டோவின் பிறந்தநாள் அப்பொல்லோ தேவனின் பிறந்தநாளே என்றும், அத்தேவனே அவர்க்குத் தந்தை என்றும் அவர் உறவினரே கதை வழங்கினர். பித்தாகரஸுக்குப் பொற்றொடை இருந்தது என்பர். இவ்விருவரைப் பற்றிய கதைகள் எனக்கு அத்துணைச் சுவை பயப்பன அல்ல. நம் நாட்டில் எந்தத் தல புராணத்திலும் இத்தகையன நூறு காணலாம். புளோட்டினஸ் செய்தது வேறு. அவர் சாக்ரட்டீஸ், பிளேட்டோ இருவர் பிறந்தநாளையும் மாணாக்கரோடு விருந்திட்டுக் கொண்டாடினார். தம் பிறந்தநாளையோ எவர்க்கும் சொன்னாரில்லை. தம் உருவத்தை எழுதவும் இசையாராயினார். இவ்வுடலே ஒரு நிழற்படம், அந்நிழலுக்கு மற்றொரு நிழலா என்பது அவர் கருத்து. ஆயினும் அமீலியஸ் என்னும் மாணாக்கர் ஓவியன் ஒருவனை வகுப்பிற்கு அழைத்துவந்து, ஆசிரியர் அறியாவண்ணம் அவர் முகத்தை மனத்தில் வாங்கி எழுதச் செய்தார். தாம் தொழுவோரின் நாளைக் கொண்டாடவும் வேண்டும், தம்மைப் பிறர் தொழவும் கூடாது என்ற அவர்தம் நேர்மை எனக்கு உகந்தது. அமீலியஸின் கள்ளமும் உகந்ததே.

இவை கடல் கடந்த செய்திகள். எங்கள் பக்கத்தில் நான் கண்டதற்கு வருகிறேன். தந்தையார் அவ்வினாவைக் கேட்ட நான்காம் நாள், அவர் முகத்தை நேரே பார்க்கக் கூசி, உத்தமபாளையத்தில் உள்ள தாய்மாமன் வீட்டிற்குப் புறப்பட்டேன். மயிலாடும்பாறைக்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் இடையே மலை நிற்பதால், கடமலைக்குண்டு வழியே தேனிக்குச் சென்று, சின்னமனூரைக் கடந்து செல்லவேண்டும். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மாமன் பக்கம் பெரியாற்று நீர் பாயும் நன்செய். பெண் கொடுத்தவர் வீட்டில் நெல்லும், பெண் எடுத்த எங்கள் வீட்டில் பஞ்சும்!

மாமன் என்னைக் கருப்பண்ணசாமி கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அக்கோயிலையொட்டிய பெரும்பாறையில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. தலைமேற் பாம்பு படம் விரித்த பார்சுவநாதரை எளிதில் அடையாளம் காணலாம். கி. பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்டவை இவை. கீழே வட்டெழுத்தில் உருவம் செய்வித்தோர் பெயர்கள் உள. அவற்றுள் அச்சணந்தி என்பது ஒன்று. இப்பெயரை மதுரையைச் சூழ்ந்த மலைகள் பலவற்றிலும், தெற்கே சிதறாலிலும் காணலாம். மலைமலையாகச் சென்று தம் ஆசான்களைப் பாறையில் எழுப்பிய அம்முனிவர்க்கும் ஓர் உருவம் பின்னர் எழுந்தது. மதுரைக்கு மேற்கே சமணமலையில் அவர் அன்னையார் குணமதியார் செய்வித்த திருமேனியும் கல்வெட்டோடு இருக்கிறது. ஆசானைத் தொழுத மாணாக்கர், அவர் தாய் என்று வழிபாடு வழிவழி படர்ந்த வரலாறு கல்லிலேயே நிற்கிறது.

சமணர்க்கு உலகைப் படைத்த இறைவன் என்று ஒருவன் இல்லை. தீர்த்தங்கரர் பிறந்து, தவம் செய்து, மெய்யறிந்து, போனவர். போனவர் வரங்கொடார், வேண்டுதலைக் கேளார். அறிந்தே அவரைத் தொழுகின்றனர். தொழுகையால் விளைவது தொழுவோன் மனத்தின் தூய்மையே என்பர். எப்பிக்கூரஸின் இருபதாம் நாள் விருந்திற்கும் இதற்கும் இடையே எத்துணைத் தூரம் உண்டு? பழனிக்கு அருகே ஐவர்மலையில் கி. பி. 870இல் பொறித்த கல்வெட்டு ஒன்று, குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் அடிகள் ஒருவர்க்குச் சோறிடுதற்கும் 505 காணம் பொன் வைத்தமை கூறுகிறது. கல்லுருவத்திற்கு மட்டும் பொன் வைத்தாரில்லை. உயிரோடு இருந்து ஓதும் ஒருவர்க்கும் சோறு வைத்தார். இக்கல்வெட்டைப் பற்றிப் பிற்காலத்திற் படித்தபோது, “எனக்கு யாரு படிச்சுக் காட்டுனா?” என்ற சொல் மீண்டும் என் செவியில் விழுந்தது.

பாறையின் முன் நின்று மாமனை, “இவங்க யாருன்னு தெரியுமா மாமா?” என்று கேட்டேன். “யாரோ பெரியவுக. படிச்சவுக. நீ சொல்லேன் மாப்ள” என்றார். யான் சொன்னேன். உயிர்க்கொலை ஆகாது என்றவர்கள் என்றபோது, அவர் கருப்பண்ணசாமியின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருந்து இத்தன வருசம் சண்ட போடலியே” என்றார்.

மாமன் வீட்டில் தெய்வப் படங்களின் வரிசையில், பெரியாற்றணை கட்டிய பென்னிகுக் துரையின் படமும் தொங்கிற்று. அணை 1895இல் முடிந்தது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாள் தேனியை அடுத்த பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர். 2013இல் லோயர் கேம்பில் அரசினர் மணிமண்டபமும் எழுப்பினர். அப்பள்ளத்தாக்கில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டோரும் உண்டு. இவர் தத்துவ ஞானி அல்லர், பொறியாளர். ஆயினும் எனக்கு ஓர் உண்மையை இவர் படம் உணர்த்திற்று. நீரின் பயனை உழவன் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டுவதில்லை, மடையிலே காண்கிறான், ஆதலின் படம் வைக்கிறான். நூலின் பயனோ, படித்துக் காட்டுவோர் இல்லையேல் அவன் வயலுக்கு வந்து சேராது. படம் மட்டும் வந்து சேர்ந்துவிடுகிறது. அது அவன் குற்றமா?

பின்னொருகால் சென்னை சென்றபோது மயிலாப்பூரில் திருவள்ளுவர் கோயிலைக் கண்டேன். முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு அண்மையில் உள்ளது. வள்ளுவர்க்கும் வாசுகியம்மையார்க்கும் அங்கே சந்நிதி உண்டு. நூல் எழுதியவர்க்குக் கற்பூர ஆரத்தி நடப்பதைக் கண்டு யான் சிறிது திகைத்தது உண்மையே. ஆயினும் மதுரை மீனாட்சியம்மை கோயிலிலேயே சங்கப் புலவர் 49 பேர்க்குச் சந்நிதி இருப்பதை அதற்கு முன் எத்தனையோ முறை கண்டு கும்பிட்டுச் சென்றிருக்கிறேன், அப்பொழுதெல்லாம் திகைத்திலேன். பழகியது திகைப்பூட்டாது போலும்.

வள்ளுவர் நூல் நம் கைக்கு வந்த வழியையும் அன்று நினைந்தேன். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1730ஐ ஒட்டி அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். திருக்குறள் 1812இல் அச்சேறிற்று. அக்காலத்திற் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை குறளுக்கு உரை எழுதத் தொடங்கினார். வள்ளுவர் உருவம் பொறித்த பொன் நாணயம் வெளியிட்டார். 1818இல் இராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் ஒரு குறளைப் பொறிக்கச் செய்தார். மறுவருடமே இராமநாதபுரத்தில் இறந்து திண்டுக்கல்லில் அடக்கமானார். ஆரிங்டன் துரையிடம் சமையற்காரராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் என்பவரே குறள் ஏட்டை எல்லிஸிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். துரைமாளிகைச் சமையற்கட்டிலே ஊழியம் புரிந்த ஒருவர் வீட்டிலே அவ்வோலைகள் எத்தனை தலைமுறையாகப் பூவும் பொட்டும் பெற்றுக் காக்கப்பட்டனவோ! நாணயம் வெளியிட்டவரை உலகம் அறியும். ஓலையைக் காத்தவரும் ஒருவகையில் மாடத்தில் விளக்கேற்றியவரே.

இத்துணையும் எழுதியதனால் யான் பூசையின் பக்கம் முற்றும் சாய்ந்துவிட்டேன் என்று கருதவேண்டா. தொழுகையால் நேரும் கேடும் உண்டு. வள்ளுவரைத் தம்மவர் என்று சமணர் கூறினர். அறுபத்து நான்காம் நாயனார் என்று சைவருட் சிலர் தொழுதனர். 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரோ, மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதகரிடம் வள்ளுவர் கேட்டிருத்தல் கூடும் என்று கருதினார். போப்பையரிடத்து எனக்குள்ள மதிப்புப் பெரிது; இக்கருத்தில் மட்டும் அவரும் தம் மாடத்துப் படத்திற்குத் தம் பூவையே வைத்தார் என்பேன். படம் வாய்திறவாது, ஆதலின் யார் எப்பூ வைப்பினும் ஏற்றுக்கொள்ளும். நூல் அவ்வாறன்று. திறந்தால் பேசும்; சிலபோது நமக்கு மாறாகவும் பேசும். தெய்வமானவரை எவரும் எதிர்த்துக் கேளார் என்பதே அன்று என் அச்சம். அவ்வச்சத்தை எவ்விடத்தில் இழந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

உத்தமபாளையத்தினின்று திரும்பிய அன்று மாலை, தந்தையார் பூ வைத்த பின், அவரைக் கேட்டுப் பொதியின் முடிச்சை அவிழ்த்தேன். “எதப் படிக்கட்டும்?” என்றேன். “வெவசாயத்தப் பத்திச் சொல்லிருக்காராமே” என்றார். அது 104ஆம் அதிகாரம். ஒவ்வொன்றாகப் படித்து, உரையை எளிய சொல்லிற் கூறிவந்தேன். உழவரே உலகிற்கு அச்சாணி என்ற இடத்தில் தலையசைத்தார். பெரிதாக ஒன்றும் மகிழ்ந்தாரில்லை. அது அவர்க்கு முன்பே தெரியும் போலும். நிலத்தை நன்றாக உழுது புழுதி கால்பங்காகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்ற பாட்டு வந்தது. அதற்கு அடுத்த பாட்டோ உழுவதினும் எருவிடுதல் நன்று என்கிறது. தந்தையார் கையை உயர்த்தினார்.

“நில்லு. முன்னாடி எரு வேண்டாம்னாரு. இப்ப உழவ விட எருதான் நல்லதுங்கிறாரு. எது?”

யான் உரையைப் புரட்டினேன். உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர் பாய்ச்சுதல், காத்தல் எல்லாமே வேண்டும் என்று பரிமேலழகர் அமைதி கூறியிருந்தார். அதைச் சொன்னேன்.

“அது அவரு சொல்றது. இவரு ஏன் அப்படிச் சொன்னாரு?” என்று வள்ளுவர் படத்தைக் காட்டினார். யான் விழித்தேன். நெடுநேரம் எண்ணியிருந்துவிட்டு, “வள்ளுவரு உழுதிருக்காருய்யா. காப்பு வேணும்னு சொல்றாரு பாரு, அது உழுதவனுக்குத்தான் தெரியும். ஆனா நம்ம செவக்காட்டுல உழுதிருக்க மாட்டாரு” என்று முடிவு கூறினார். மறுநாட் காலை சாவடியில் அவர் இவ்வழக்கை நான்கு பேர் முன்னே விரித்துரைத்துக்கொண்டிருந்ததை யான் கேட்டேன். இருவர் வள்ளுவர் கட்சி. ஒருவர் தந்தையார் கட்சி. ஒருவர், உரம் விலையேறிய இக்காலத்தில் முதற்பாட்டே நல்லது என்றார்.

அன்று மாலையும் அவர் வள்ளுவர்க்குப் பூ வைத்தார்.

அவ்விடுமுறையில் முப்பத்தோர் அதிகாரம் படித்தோம். எஞ்சியவற்றைப் பின்வந்த விடுமுறைகளில் முடித்தோம்; காமத்துப்பாலைத் தந்தையும் மகனும் ஒருங்கிருந்து படிக்க நாணி, இருவருமே ஒன்றும் பேசாமல் விட்டுவிட்டோம். கள்ளுண்ணாமையைப் படித்த நாளில், கேட்கவேண்டியவர் இன்னார் இன்னார் என்று அவர் ஊரில் ஏழு பெயர் கூறினார். புலால் மறுத்தலைப் படித்த நாளில் நெடுநேரம் வாளாவிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கறி எடுத்துவந்தார். அன்று வள்ளுவர்க்கு மட்டும் சற்றுப் பெரிய பூ.

தந்தையார் காலமாகி ஆண்டுகள் பல கழிந்தன. மாடத்தில் இப்பொழுது என் தம்பி விளக்கேற்றுகிறான். மஞ்சட்பொதி இல்லை; அடிக்கடி அவிழ்ப்பதால் துணி கிழிந்துபோயிற்று. புத்தகத்தில் 104ஆம் அதிகாரத்துப் பக்கம் மட்டும் எண்ணெய்க்கறையும் மண்ணும் படிந்து பழுத்திருக்கிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் தம்பி மகள் இப்பொழுது தன் தந்தைக்கு அதைப் படித்துக் காட்டுகிறாளாம். சென்ற தை மாதத்தில் அவள் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். “பெரியப்பா, 1037இல் எரு வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1038இல் ஏன் எருவே நல்லது என்கிறார்? அப்பாவுக்குத் தெரியவில்லை. தாத்தா உங்களிடம் சொல்லியிருப்பார் என்கிறார்” என்பது அதிற் கண்ட வினா. அவளுக்கு இன்னும் மறுமொழி எழுதவில்லை.